காது குத்து

தமிழில் 'காது குத்துவது' என்றால் மூன்று அர்த்தங்கள் உண்டு. குலதெய்வத்தின் கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தி வைத்து, பத்தர் வந்து கம்பியை ஏற்றுகிறாரே, அது முதல் அர்த்தம். அதற்கு மஞ்சள் தடவிய பத்திரிகை உண்டு, மொய் உண்டு, சில குடும்பங்களில் கிடா விருந்தும் உண்டு. நடுநிசியில் குழந்தை வீரிட்டு எழுந்து, காதைப் பிடித்துக்கொண்டு, "குத்துது, குத்துது" என்று அலறுகிறதே, அது இரண்டாவது அர்த்தம். இதற்குப் பத்திரிகையும் இல்லை, மொய்யும் இல்லை. மொய் எழுத வேண்டியவர் தகப்பனார் ஒருவர்தான். அதையும் டாக்டர் வீட்டில் எழுத வேண்டும். மூன்றாவது, நம்பக்கூடாததை நம்பச் சொல்கிறவனைப் பார்த்து, "யாருக்கு அப்பா காது குத்துகிறாய்?" என்று கேட்கிறோமே, அது.

முதலாவது ஆயுளில் ஒரு தரம் வருவது. மூன்றாவது, காலையில் பத்திரிகையைப் பிரித்தால் தினமும் வருவது. நடுவில் இருக்கிற இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசித்திருக்கிறேன். இரண்டு வருஷ காலம் அது எங்கள் வீட்டில் அழையாத விருந்தாளியாக வந்து வந்து தங்கிவிட்டுப் போயிற்று. அதனால் எனக்கு அதனிடம் கொஞ்சம் பழக்கம் அதிகம்.

பொதுவாகவே நம்மிடம் கண்ணுக்கு இருக்கிற மரியாதை காதுக்கு இல்லை. குழந்தையைக் கொஞ்சும்போது 'கண்ணே' என்கிறோம். 'காதே' என்று யாராவது கொஞ்சி நான் கேட்டதில்லை. திருவள்ளுவர் கேள்விக்கென்று தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அதை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய நாம், காதை அதோடு மறந்துவிட்டோம். குழந்தைக்குக் கண் சிவந்தால் வைத்தியரிடம் ஓடுகிற ஜனங்கள், காது வலித்தால் சமையலறைக்கு ஓடுகிறார்கள், எண்ணெய் காய்ச்ச!

2021-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். கும்பகோணத்தில் அடைமழை. என் பெண்ணுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயசு. மூன்று நாளாக ஜலதோஷம். அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. அந்த மழையில் மூக்கு ஒழுகாத குழந்தை எங்கள் தெருவிலேயே இல்லை. நாலாம் நாள் ராத்திரி அழ ஆரம்பித்தாள். பசி அழுகை, தூக்க அழுகை, பொம்மைக்காக அழும் அழுகை என்று குழந்தைகளின் அழுகையில் எத்தனையோ ராகங்கள் உண்டு. இது அந்தப் பட்டியலில் சேராதது. தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தால் ஓய்ந்தாள். பாயில் கிடத்தினால் அடுத்த நிமிஷம் துடித்தாள். படுத்தால் காதுக்குள் அழுத்தம் அதிகமாகி வலியும் அதிகமாகும் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. நானும் என் மனைவியும் முறை வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தோம். பள்ளிக்கூடத்திலே வட்டமாக ஓடச் சொல்லித் தண்டிப்பார்களே, அந்த மாதிரி ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

விடியற்காலை நாலரை மணிக்கு அழுகை திடீரென்று நின்றது. குழந்தை அசந்து தூங்கிப் போனாள். பொழுது விடிந்து பார்த்தால் தலையணையில் மஞ்சளாகக் கறை. காது மடலில் சீழ். குழந்தையோ எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறாள்!

"கட்டி உடைஞ்சுது. இனிமே கவலையில்லே" என்றாள் என் தாயார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஊர் டாக்டர் மறுபாதியைச் சொன்னார். அவர் காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிறவர். கைராசிக்காரர் என்பதோடு, கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதவர் என்றும் பெயர் வாங்கியவர். அந்த இரண்டாவது பெயர் கிடைப்பதுதான் கஷ்டம்.

"உடைஞ்சது கட்டி இல்லே ஸார், காது ஜவ்வு" என்றார். "உள்ளே சீழ் சேர்ந்து அழுத்தம் தாங்காம ஓட்டை விழுந்திருக்கு. அதனாலதான் வலி நின்னுது. பயப்படாதீங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்தில் தானே மூடிக்கும். மூடிக்கிச்சா என்று பார்க்கிறதுதான் முக்கியம்."

"ஜலதோஷம் மூக்கில்தானே? காதுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"நீங்க இந்த டெல்டாக்காரர்தானே? வடிகாலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று அவர் காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

காது ஜவ்வுக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது. உடம்பிலேயே மிகச் சிறிய மூன்று எலும்புகள் அதற்குள் இருந்துகொண்டு சத்தத்தை உள்ளே கடத்துகின்றன. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. யூஸ்டேக்கியன் குழாய் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த யூஸ்டாக்கி என்ற வைத்தியரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடும். கொடைக்கானலுக்கு பஸ்ஸில் ஏறுகிறபோது காது அடைத்து, 'டப்'பென்று விடுகிறதே, அது இந்தக் குழாய் செய்கிற வேலைதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் ஒன்றரை அங்குல நீளம். நன்றாகச் சரிந்து கீழ்நோக்கி இறங்குகிறது. குழந்தைகளுக்கு அதில் பாதி நீளம்தான். கிட்டத்தட்டப் படுக்கை வசமாகவே கிடக்கிறது. சரிவில்லாத வாய்க்காலில் தண்ணீர் வடியுமா? ஜலதோஷத்தில் வாய் வீங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் சீழ். மழைக்காலத்தில் வடிகால் தூர்ந்துபோன வயலில் பயிர் அழுகுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆறு, ஏழு வயதுக்குள் தலை வளர வளரக் குழாயும் நீண்டு சரிந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொல்லையும் விட்டுப் போகும்.

"அப்படியென்றால் ஆறு வயசு வரைக்கும்...?" என்று இழுத்தாள் என் மனைவி.

"ஒவ்வொரு மழைக்கும் ஒரு தடவை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே.

அவர் வாக்கு பலித்தது. 2022 ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவில் நாலு தரம் வந்தது. ஆறு மாதத்தில் மூன்று தடவை வந்தாலே வைத்திய சாஸ்திரத்தில் அதற்கு 'திரும்பத் திரும்ப வரும் காது நோய்' என்று தனி அந்தஸ்து. எங்கள் பெண் நாலு வாங்கி முதல் வகுப்பில் தேறினாள்.

அந்த மருந்து கொடுக்கும் படலத்தை என்னவென்று வர்ணிப்பது! பொடியாக வரும் மருந்தில், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நல்ல ரோஜா நிறம், பழ வாசனை. ஆனால் குழந்தைகளை நிறத்தாலும் வாசனையாலும் ஏமாற்ற முடியும் என்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் எப்படித்தான் நம்புகிறார்களோ! நான் கையைப் பிடிப்பேன். என் மனைவி மூக்கைச் செல்லமாகத் தடவுவாள். அம்மா யானை வருகிறது, குதிரை வருகிறது என்று ஊர்வலம் விடுவாள். யானை, குதிரை எல்லாம் வந்த பிறகு மருந்து மட்டும் என் சட்டைக்கு வரும். ஆனாலும் சொன்ன நாள் கணக்கை ஒரு வேளைகூடக் குறைக்கவில்லை. வலி இரண்டாம் நாளே நின்றுவிடும். கிருமி இரண்டாம் நாளே போய்விடாது.

ஒவ்வொரு தடவையும் இந்த மருந்து கட்டாயமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை எல்லாத் தாய் தகப்பன்மாருக்கும் சொல்லலாம். இரண்டு வயது தாண்டிய குழந்தை, ஜுரமும் வலியும் கடுமையாக இல்லை என்றால், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் டாக்டரின் கண்காணிப்பில் பொறுத்துப் பார்க்கலாம். பல குழந்தைகளுக்குத் தானே அடங்கிவிடும். கைக்குழந்தை, அல்லது காதில் சீழ் வடிகிறது, அல்லது ஜுரம் கொதிக்கிறது என்றால் பொறுப்பதற்கில்லை. காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கிச் சிவந்து மடல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது எந்த ரகம் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு மாமியும் அல்ல, மருந்துக் கடைப் பையனும் அல்ல.

பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த இலவச ஆலோசனைகளைத் தொகுத்தால் இந்தப் புத்தகத்தின் பக்கங்கள் போதாது. ஒருவர் துளசிச் சாறு என்றார். ஒருவர் தாய்ப்பால் என்றார். இன்னொருவர் கோழி இறகால் சுத்தம் செய்தால் சரியாகும் என்று, இறகோடேயே வந்து நின்றார். எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினோம். சிகரெட்டும் கையுமாக வந்து ஆலோசனை சொன்ன நண்பரை மாத்திரம் திண்ணையிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தோம். புகை சூழ்ந்த வீட்டில் வளரும் குழந்தைகளுக்குக் காது நோய் அதிகம் வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்க வைத்தபடியே பாட்டிலில் பால் புகட்டுவதும் கூடாது. பால் அந்தக் குட்டைக் குழாயின் வழியே காதுப் பக்கம் போகக் கூடும். தலையை உயர்த்திப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

வெளியாட்களைக் காப்பி கொடுத்து அனுப்பலாம். வீட்டுக்குள் இருப்பவர்களை என்ன செய்வது?

நாலாவது தடவை வந்தபோது மார்கழிக் குளிர். ராத்திரி பதினொரு மணி. சமையலறையில் பூண்டு பொரியும் வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் அம்மா குழிக்கரண்டியில் நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

"வேண்டாம் அத்தை" என்றாள் என் மனைவி.

"அம்மா, காதுக்குள்ளே ஓட்டை இருந்தா எண்ணெய் உள்ளே போயிடும். டாக்டர் எதையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன் நான்.

"ஊரிலே எந்தக் குழந்தைக்கு எண்ணெய் விடலே? உனக்கு விட்டேனே, நீ என்ன செவிடாவா போயிட்டே?"

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நாவலில் தாயும் மகனும் வாதாடும் கட்டம் வந்தால் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறேன். குழிக்கரண்டியோடு நிற்கும் சொந்தத் தாயாருக்கு முன்னால் வாய் அடைத்துப் போகிறது. ஆனால் நான் பதில் தேடுவதற்குள் அம்மாவே பேசினாள், குரல் மாறியிருந்தது.

"உங்க மாமாவுக்கும் நான்தான் விட்டேன்" என்றாள். கரண்டியை மேடைமேல் வைத்தாள். அப்புறம் அதை எடுக்கவில்லை.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. என் காது குத்து அவர் மடியில்தான் நடந்தது. "நீ அழுத அழுகை எனக்குப் பாதிதாண்டா கேட்டுது" என்று இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார். அது வெறும் கேலி அல்ல. அவருக்கு இடது காது கேட்காது; வலது காதும் மந்தம். பந்தியில் எப்போதும் வரிசையின் இடது கோடியில்தான் உட்காருவார். அப்போதுதான் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருக்கு வலப்பக்கம் இருப்பார்கள். சின்ன வயதில் நாங்கள் அதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்திருந்தோம்.

ஐந்தாறு வயதில் அவருக்குக் காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. 1960-களின் ஆரம்பம். கிராமத்திலிருந்து டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். நடவு நாளில் யாருக்கு ஒழியும்? பெற்றவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். பத்து வயது அக்காவிடம் தம்பியின் காது ஒப்படைக்கப்பட்டது. அவள் தினமும் எண்ணெய் காய்ச்சி விட்டாள், பஞ்சு அடைத்தாள், நாற்றம் வந்தால் மற்றப் பிள்ளைகள் கிட்டே சேர்க்க மாட்டார்களே என்று பஞ்சை மாற்றி மாற்றி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இவரைக் கடைசிப் பலகையில் உட்கார வைத்தார். கேட்காதவனைக் கடைசியில் உட்கார வைத்தால் என்ன கேட்கும்? 'மக்கு' என்று பெயர் வந்தது. 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று பழமொழி வேறு தயாராக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். தட்டுகிற சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். "எனக்குன்னே செஞ்சு வெச்ச வேலைடா" என்பார் மாமா. மனக்கணக்கில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

அறுபது வருஷமாக அம்மா மனத்தில் இந்தப் பாரம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அந்த ராத்திரிதான் தெரியும். மறுநாள் குழந்தையோடு அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்ட டாக்டர், பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்க தம்பி காதைக் கெடுத்தது நீங்க விட்ட எண்ணெய் இல்லே. சீழ் நாள்பட்டு நின்னு ஜவ்வையும் எலும்பையும் அரிச்சிருக்கு. அதுக்கு வேண்டிய மருந்தும் ஆளும் உங்க கிராமத்திலே இல்லே. பத்து வயசுப் பொண்ணு நீங்க என்ன செய்திருக்க முடியும்?" என்றார். "ஆனா இப்போ எண்ணெய் வேண்டாம், இப்போதான் நாங்க இருக்கோமே!"

அம்மா தலையை ஆட்டினாள். வீடு வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. குழிக்கரண்டி அதற்குப் பிறகு தாளிப்பதற்கு மட்டும்தான் பயன்பட்டது.

மாமாவின் கதையைச் சின்னக் கிராமத்தின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கதையும் ஞாபகம் வந்தது. அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் வில்லியம் ஒயில்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். காது வைத்தியத்தில் மகா நிபுணர். 1853-இல் அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறையில் முக்கியமானது. காதுக்குப் பின்னால் சீழ் கட்டினால் கீறி விடும் முறைக்கே அவர் பெயரை வைத்திருந்தார்கள். அவருடைய மகன்தான் ஆங்கில நாடகாசிரியர் ஆஸ்கார் ஒயில்டு. மகனுக்குக் காதிலே தீராத நோய். 1900-ஆம் வருஷம் பாரிஸில் காதில் சஸ்திர சிகிச்சை நடந்தது; சில வாரங்களில், நவம்பர் 30-ஆம் தேதி, அவர் இறந்து போனார். காதிலிருந்து மூளையின் உறைக்குப் பரவிய நோயே காரணம் என்று பிற்கால வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் காது பார்த்த தகப்பனாரின் பிள்ளைக்கே இந்தக் கதி! பென்சிலினை ஃபிளெமிங் கண்டுபிடித்தது 1928-இல். அதற்கு முந்திய காலத்தில் காது நோய் என்பது உயிரோடு விளையாடும் நோய்.

உயிர்ப் பயம் தீர்ந்த இந்தக் காலத்தில் வேறொரு பயம் பாக்கி இருக்கிறது. அது சத்தம் போடாமல் வருவது.

2023 கோடையில் எங்கள் வீட்டில் காது வலியே இல்லை. அழுகை இல்லை, ஜுரம் இல்லை, தலையணையில் கறை இல்லை. அப்பாடா என்று இருந்தோம். குழந்தைக்கு மூன்று வயது முடிந்து பேச்சு வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால், "அண்ணி வேணும்" என்பாள். "அண்ணனே இல்லாத வீட்டிலே அண்ணிக்கு எங்கேடி போறது?" என்று அம்மா கேட்க, எல்லோரும் சிரிப்போம். கத்தரிக்காய் 'அத்திக்கா'. தோசை 'ஓசை'. மழலைதானே!

ஜூன் மாதம் நர்ஸரியில் சேர்த்தோம். ஒரு மாதத்தில் டைரியில் ஆசிரியை எழுதி அனுப்பினார்: 'கூப்பிட்டால் திரும்புவதில்லை. சொன்னதைக் கேட்பதில்லை. பிடிவாதம் அதிகம்.'

என் மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். பிறகு, "இது பிடிவாதம் இல்லீங்க. உங்க மாமாவையும் இப்படித்தானே சொன்னாங்க?" என்றாள். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம்.

காதை ஊதும் ஒரு சின்னக் கருவியை டாக்டர் வைத்தார். காது ஜவ்வு நன்றாக அசைந்தால் காகிதத்தில் மலை மாதிரி ஒரு கோடு எழும்ப வேண்டுமாம். எங்கள் பெண்ணின் இரண்டு காதுக்கும் கோடு எங்கள் ஊர் வயல் மாதிரி மட்டமாகப் போயிற்று. மலையே இல்லை. உள்ளே சீழ் இல்லை, வலி இல்லை. ஆனால் பிசின் மாதிரி நீர் தேங்கி நின்றது.

பிறகு கேட்கும் சக்தியைச் சோதித்தார்கள். மூன்று வயதுக் குழந்தையிடம், 'கேட்கிறதா?' என்று கேட்டால் சரியான பதில் வராது. அதனால் அதை விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். குழந்தையின் கையில் ஒரு வளையம். சத்தம் கேட்டால் அதைக் கம்பியில் போட வேண்டும். முதலில் பெரிய சத்தம். போட்டாள், கை தட்டினாள். சத்தம் குறையக் குறைய நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒரு கட்டத்தில் குழந்தை வளையத்தைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, சிரித்த முகத்துடன், ஆவலோடு காத்துக்கொண்டு நின்றாள். சோதிக்கிற பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். வளையம் விழவில்லை. குழந்தை இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு நிமிஷத்தை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன். பிடிவாதக்காரக் குழந்தை என்று எழுதினார்களே, அவள் எங்கே பிடிவாதம் பிடித்தாள்? கேட்பதற்குத் தயாராக அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

35 டெசிபல் குறைவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். காதோடு பேசும் பேச்சு சுமார் 30. ஆகவே ரகசியம் அவளை எட்டாது. சாதாரணப் பேச்சு ரகசியம் போலக் கேட்கும். இரைச்சலான வகுப்பில் அதுவும் கேட்காது. வார்த்தைகளின் நுனியில் உள்ள மெல்லிய ஓசைகள் தண்ணீருக்கு அடியிலேயே நின்றுவிட்டன. 'தண்ணி'யின் 'த' அவள் காதுக்கு வந்ததே இல்லை. வராததை எப்படிச் சொல்வாள்?

"உடனே ஆபரேஷன் வேண்டாம். மூணு மாசம் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஒரு தடவை காது நோய் வந்தால் மாதம் ஒன்று ஆன பிறகும் பத்தில் நாலு குழந்தைகளுக்கு உள்ளே நீர் நிற்கும். மூன்று மாதத்தில் பெரும்பாலோர்க்கு வடிந்து பத்தில் ஒருவருக்குத்தான் பாக்கி இருக்கும். அந்தப் பத்தில் ஒருவராக நம் குழந்தை இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அந்த மூன்று மாதமும் முகத்தை நேரே பார்த்து, கிட்டே உட்கார்ந்து, நிதானமாகப் பேசினோம். ஆசிரியைக்கும் டாக்டர் கடிதம் கொடுத்தார். அவர் நல்ல பெண். குழந்தையை முதல் வரிசைக்கு மாற்றியதோடு, டைரியில் எழுதியிருந்த வரியைத் தாமே அடித்தும் விட்டார்.

அக்டோபரில் மறுபடி பார்த்தார்கள். கோடு மட்டம்தான்; கேட்கும் சக்தியும் அப்படியே. பத்தில் ஒருவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

இதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. மயக்கம் கொடுத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக் காது ஜவ்வில் நுண்ணிய கீறல் போட்டு, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் மிளகைவிடச் சின்னதாக ஒரு குழாயை மாட்டி விடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் போலிட்ஸர் என்ற நிபுணர் ரப்பரில் செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. 1954-இல் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் என்ற டாக்டர் பிளாஸ்டிக்கில் செய்து காட்டிய பிறகு உலகமெங்கும் பரவிற்று. வீட்டுக்குச் சாளரம் வைப்பது போல, வடிகால் சரியாகிற வரையில் அறைக்குக் காற்று வர ஒரு வழி, அவ்வளவுதான். ஒரு வருஷம் சுமாருக்குத் தானே கழன்று விழுந்துவிடும். ஜவ்வும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

ஆனால் காது வலி அடிக்கடி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் இந்தக் குழாய்க்கு அவசரப்பட வேண்டியதில்லை. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், அடிக்கடி காது நோய் வந்த 250 குழந்தைகளைப் பார்த்தார்கள். இரண்டு வருஷக் கணக்கில், குழாய் வைத்தவர்களுக்கும் மருந்தோடு நின்றவர்களுக்கும் நோய் வந்த தடவைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. நீர் மாதக் கணக்கில் தேங்கிக் கேட்கும் சக்தியைக் குறைத்தால்தான் விஷயம் வேறு. எங்கள் டாக்டர் முதல் வருஷம் கத்தியைத் தொடாததற்கும், இப்போது தொட்டதற்கும் காரணம் அதுதான்.

நவம்பரில் செய்தார்கள். மயக்கம் கொடுக்க உள்ளே தூக்கிப் போனார்கள். நான் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார். "கோந்து மாதிரி இருந்தது. எடுத்தாச்சு" என்றார். காத்திருந்தவர்களில் மாமாவும் ஒருவர். என்ன சொன்னார் என்று அவருக்குக் கேட்கவில்லை. அம்மா அவருடைய வலப்பக்கம் போய், "எல்லாம் எடுத்தாச்சாம்டா" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். என் மனைவி வழக்கம்போல் உரக்க, "கஞ்சி குடிக்கிறியாடா கண்ணு?" என்று கேட்டாள். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஏம்மா கத்தறே?" என்றாள். பிறகு மேலே பார்த்து, "அது என்ன சத்தம்?" என்று கேட்டாள். மின்விசிறி. அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கூடத்தில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

பேச்சு ஒரே நாளில் திருந்தவில்லை. தையில் கத்தரிக்காய்க்குக் 'க' வந்தது. மாசியில் ஒரு நாள் 'தண்ணி' வந்தது. எங்கள் வீட்டு அண்ணி அன்றோடு பிறந்தகம் போய்விட்டாள். குழாய்கள் 2024 கடைசியில் தாமாகக் கழன்றன. அதற்குப் பிறகு வந்த மழையில் ஒரு தடவை வலி வந்தது, மருந்தில் அடங்கிற்று.

உலகத்தில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் சக்தி குறைவு என்றும், குழந்தைகளின் செவிக் குறைவில் 100-க்கு 60 தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காது நோய்க்குக் காரணமான கிருமிகளில் ஒன்றான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி, இந்தியாவில் 2017-இல் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்து 2021-இல் தேசம் முழுவதற்கும் வந்திருக்கிறது. ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அதோடு, வீட்டில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். குழந்தை பார்க்காதபோது பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு தரம் திரும்பாவிட்டால் விளையாட்டு மும்முரம் என்று வைத்துக்கொள்ளலாம். பல தரம் திரும்பாவிட்டால், டெலிவிஷனை உரக்க வைக்கச் சொன்னால், எதற்கும் "என்ன, என்ன?" என்றால், திட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள்.

போன மாதம் மாமா வந்திருந்தார். அம்மா பிடித்த பிடியில் அவரும் சோதித்துக்கொண்டு, வலது காதுக்கு ஒரு கேட்கும் கருவி வாங்கியிருக்கிறார். இடது காதுக்கு இனிமேல் செய்வதற்கில்லையாம். பேத்தி முறையாகிற என் பெண், பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொன்ன நரிக் கதையை அவருக்கு முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். மாமா கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க வாத்தியாரும் அஞ்சு வருஷம் ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. இந்த நரிக் கதைதானா அது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா, "அதுவும் சொன்னாரு" என்றாள்.